நகப்பூச்சில் ஒரு புள்ளி

அரியலூர்,
9 ஜூன் 2025

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. கொளஞ்சி அவர்களுக்கு,

அனுசுயா எழுதுவது.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். போன மாதம் உங்கள் புதுவீட்டுக் குடிபுகலுக்கு வந்தபோது, முன்வரிசையில் நாற்காலி போடவில்லை என்று கோபித்துக்கொண்டு நான் சாப்பிடாமல் கிளம்பிவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். விதவை என்று ஓரத்தில் நிறுத்தியதால் மனம் புண்பட்டேன் என்பது இன்னொரு பேச்சு. இரண்டும் தவறு. ஓரத்தில் நின்றது நானாகத் தேர்ந்துகொண்டது. யாருக்கு எத்தனையாவது வரிசை என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. உடையார்பாளையத்துப் பெரிய வீட்டுப் பெண், கான்வென்டில் படித்தவள், சவுண்டு சர்வீஸ்காரர் வீட்டில் கை நனைக்கக் கூசுகிறாள் என்று மூன்றாவதாகவும் ஒரு பேச்சு இருப்பதாக, என் வீட்டில் சமையலுக்கு வரும் சின்னம்மாள் சொன்னாள். அந்தக் கூச்சம் எனக்கு இருந்திருந்தால் என் மகள் அம்பிகாவை உங்கள் மகன் அறிவரசனுக்குக் கொடுக்கச் சம்மதித்திருக்க மாட்டேன்.

ஏன் சாப்பிடவில்லை என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் சொல்லிக்கொள்ளாமல் போனேன் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. சாமியானாக் கம்பத்தின் அருகே உங்களுக்குப் பின்னால் நின்று, "போயிட்டு வரேன் சம்பந்தி" என்று இரண்டு முறை சொன்னேன். நீங்கள் திரும்பவில்லை. திரும்ப விருப்பமில்லாதவரை மூன்றாம் முறை கூப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

இனி நான் எழுத வந்த காரியம்.

அறுபது வயதைக் கடந்த ஒருவருக்குக் காது மந்தம். திருச்சியில் பரிசோதித்து அளவெடுத்திருக்கிறார்கள். இரண்டு காதுக்கும் மெஷின் உண்டு. எதிரே உட்கார்ந்து பேசினால் அது போதும். போனைக் காதருகே கொண்டுபோனால் மெஷின் விசில் அடிக்கிறது. மெஷினைக் கழற்றிவிட்டு ஹெட்போன் போட்டுப் பேசலாம் என்றால், போனில் இருந்து வரும் ஒலி அவருக்குப் போதவில்லை. போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் வைத்தால் சரியாகும் என்று பரிசோதித்த பெண் சொன்னாள். எதை வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இங்கே பஜாரில் கேட்டேன். பாட்டுக் கேட்கும் பையன்களுக்கானதை எடுத்து நீட்டுகிறார்கள்.

ஒலி உங்கள் தொழில். எப்படிப்பட்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். நீங்களே செய்து தருவதாக இருந்தால் விலையையும் எழுதுங்கள். பெண் கொடுத்த வீட்டிலிருந்து நான் எதையும் சும்மா வாங்கிக்கொள்வதில்லை. அந்த முறை உங்களுக்கும் தெரியும். அந்த ஒருவர் யார் என்று கேட்க வேண்டாம். அம்பிகாவிடமும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
அனுசுயா

*

பெரம்பலூர்,
16 ஜூன் 2025

சம்பந்தியம்மா அவர்களுக்குக் கொளஞ்சி வணக்கம்.

லெட்டர் வந்தது. வீட்டுக்கு வராமல் கடை முகவரிக்கே வந்ததால் பிழைத்தேன். பதில் எழுதி எனக்குப் பழக்கமில்லை. போன் போடலாம் என்றால் கடையில் எந்நேரமும் ஏதாவது டெஸ்டிங் ஓடும், ஒரு பேச்சும் பிடிபடாது. எழுத்தே நல்லது.

நீங்கள் மனதில் பட்டதை எழுதியதால் நானும் எழுதுகிறேன். அன்றைக்கு முதல் பந்தியில் உங்களுக்கு இலை போட்டு, பக்கத்தில் யாரையும் உட்காரவிடாமல் பூங்காவனம் காவல் நின்றாள். நானே மைக்கைப் பிடித்து, "அரியலூர் சம்பந்தியம்மா பந்திக்கு வாங்க, சம்பந்தியம்மா எங்க இருந்தாலும் வாங்க" என்று கூப்பிட்டேன். தெரு முழுக்கக் கேட்டது. துறையூர் ரோட்டில் போனவன்கூட நின்று பார்த்திருப்பான். நீங்கள் என் ஸ்பீக்கருக்குக் கீழேயே நின்றீர்கள். தலையைக்கூடத் திருப்பாமல் காரைப் பார்க்க நடந்தீர்கள். பூங்காவனம் அந்த இலையை எடுக்கவிடாமல் கடைசிப் பந்திவரைக்கும் வைத்திருந்தாள். "பரிமாறுன இலைய அப்புடியே வுட்டுட்டுப் போறாங்களே, நாம என்னங்க பாவம் பண்ணோம்" என்று அழுதாள்.

என்னிடம் சொல்லிக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறீர்கள். சத்தியமாக என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பெண் கொடுத்த அம்மா முன்னால் முதுகைக் காட்டி நிற்கிறவன் இல்லை நான்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆவணி கடைசியில் வளைகாப்பு. தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதுதான் முறை. ஆனால் கோபமாக இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று பூங்காவனம் கேட்கிறாள். சரி, அம்மாவிடமே கேட்டுவிடுவோம் என்று அம்பிகா போன வாரம் உங்களுக்குப் போன் போட்டது. "பிரசவத்துக்கு இங்கயே இருந்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டதாம். நீங்கள், "சரி சரி, அப்படியே செய்" என்றீர்களாம். பிள்ளை அன்றைக்குச் சோறு தின்னவில்லை. ஒரு தடவைகூட 'இங்கே வா' என்று சொல்ல வாய் வரவில்லையா?

ஆம்ப் விஷயம். அந்த ஒருவருக்குக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். காது கேட்காதவருக்கு வேண்டியது சத்தம். சத்தம் நம்மிடம் இருக்கிறது. ஒரு பெட்டி போட்டுப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஹெட்போனும் உள்ளே இருக்கிறது. நாப்பை முழுசாகத் திருகினால் செத்தவரும் எழுந்து உட்காருவார். இது சும்மா கொடுக்கிறது இல்லை, பார்த்துவிட்டுத் திருப்புகிற சாமான். அதனால் உங்கள் முறைக்குக் குறைச்சல் வராது.

கொளஞ்சி

*

அரியலூர்,
27 ஜூன் 2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காரணங்களைப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபின் எழுந்துபோய் வாசற்கதவைத் தாழிட்டுவிட்டு வந்து மறுபடி படித்தேன். அம்பிகா கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் உங்கள் கையெழுத்தில்தான் முதல்முறையாக அறிகிறேன். சம்பந்தி, அந்த ஒருவர் நான்தான். நீங்கள் இதற்குள் ஊகித்திருக்கலாம். ஊகிக்காவிட்டாலும் இனி மறைப்பதில் அர்த்தமில்லை.

போனில் அவள் குரல் கேட்கும். சொற்கள் கேட்காது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல் இருக்கும். குரல் ஏறினால் கேள்வி, இறங்கினால் செய்தி என்று வைத்துக்கொண்டு, "சரி", "அப்படியா", "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று சொல்லி வந்தேன். முக்கால்வாசி நேரம் பொருந்திவிடும். "என்ன சொன்னாய்?" என்று கேட்பதைவிட "சரி" என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. எதற்கெல்லாம் சரி சொல்லியிருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

நீங்கள் மைக்கில் கூப்பிட்டதும் எனக்குக் கேட்கவில்லை. ஒலிபெருக்கி போட்ட இடத்தில் என் மெஷின் எல்லாவற்றையும் ஒரே இரைச்சலாக்கிவிடும். தலைக்குள் அரவை மில் ஓடுவதுபோல் இருக்கும். அதனால்தான் ஓரத்தில் நின்றேன். அங்கேயும் கம்பத்தில் உங்கள் ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. யாரும் என்னைப் பந்திக்கு அழைக்கவில்லை என்று நினைத்தேன். அழையாமல் உட்காருவதில்லை. பூங்காவனம் அம்மா காவல் நின்ற இலையை நான் பார்க்கவே இல்லை. அதற்காக அவரிடம் நேரில் பேசுவேன், கடிதத்தில் அல்ல.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினால் ஊர் கொஞ்சம் தள்ளி நிற்கும், அவ்வளவுதான். செவிடு என்று பெயர் வாங்கினால் கைக்குழந்தையிடம் கத்துவதுபோல் எல்லாரும் காதுக்குள் வந்து கத்துவார்கள். அதோடு, காது கேட்காதவள் பிள்ளைத்தாய்ச்சியை எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று உங்கள் வீட்டில் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்? அதனால் திமிரையே வைத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால் திமிரும் அம்பிகாவை என்னிடம் அனுப்பாது போலிருக்கிறது.

அவளிடம் நானே சொல்ல வேண்டும். போனில், என் வாயால் சொல்லி, அவள் பதிலை என் காதால் கேட்க வேண்டும். அதுவரை நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. அதற்கு எனக்கு ஒரு நல்ல பெட்டி வேண்டும். உங்கள் பெட்டி நல்ல பெட்டி அல்ல.

அதைப் போட்டுக்கொண்டு இங்கே என் தோழி அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். சத்தம் பெருத்தது, பேச்சு பெருக்கவில்லை. எனக்குக் கட்டையான ஒலிகள் ஏற்கெனவே கேட்கின்றன. மெல்லிய கீச்சு ஒலிகள்தான் போய்விட்டன. ச, த, க எல்லாம் அந்த மெல்லிய பக்கத்தில்தான் இருக்கின்றன என்று அளவெடுத்த பெண் படம் போட்டுக் காட்டினாள். எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்தினால், கேட்கிறது இன்னும் இடிக்கிறது, கேட்காதது அப்படியே இருக்கிறது. இரண்டாவது, என் இடது காது வலதைவிட மோசம். உங்கள் பெட்டியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே திருகு. வலது காதைக் காப்பாற்றினால் இடதுக்குப் போதவில்லை. இடதைப் பார்த்தால் வலது வலிக்கிறது. யாரும் பேசாதபோதும் ஒரு 'குர்ர்' கேட்டுக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஏதோ மெசேஜ் வந்து 'டிங்' என்றது. கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. அத்துடன் கழற்றி வைத்துவிட்டேன்.

காது அளவெடுத்த தாளின் நகலை இணைத்திருக்கிறேன். அதைப் பார்த்துச் செய்யுங்கள், ஊகத்தில் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
அனுசுயா

(நான் சொல்லிக்கொண்டது உண்மை. இரண்டு முறை. இதில் நான் பின்வாங்கப் போவதில்லை.)

*

பெரம்பலூர்,
11 ஜூலை 2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் லெட்டரைப் படித்துவிட்டுக் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கருக்குக் கீழேயே நிற்கிறீர்களே, கேட்காமலா இருக்கும் என்றுதான் நினைத்தேன். என் தொழிலில் கேட்காதவருக்குப் பதில் இன்னொரு ஸ்பீக்கர். வேறு எதுவும் எனக்குத் தோன்றியதில்லை. பூங்காவனத்திடம் சொல்லவில்லை. அவளோ, "சம்பந்தியம்மாளுக்கும் உங்களுக்கும் அப்படி என்ன லெட்டர் போக்குவரத்து, எங்ககிட்ட சொல்லக்கூடாதா?" என்று குடைகிறாள். ஜெயங்கொண்டத்தில் ஒரு விசேஷத்துக்கு செட் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்தான். உங்களுக்காகச் சொன்னது.

புதுப் பெட்டி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சொன்னது ஒவ்வொன்றையும் பார்த்துச் செய்தது. கரண்டில் ஓடினால் ஹம்மிங், நீங்கள் எழுதிய அந்தக் 'குர்ர்', வரும் என்று பேட்டரியில் ஓடவிட்டிருக்கிறேன். இடது காதுக்குத் தனி நாப், வலதுக்குத் தனி. 'டிங்' வந்தால் அமுக்கிவிட ஒரு சின்ன சர்க்யூட் போட்டிருக்கிறேன், அறை விழாது. மேடையில் பாடகர் திடீரென்று கத்தினால் ஸ்பீக்கர் கிழியாமல் இருக்கப் போடுகிறது, அதையே சின்னதாகச் செய்தேன். ஹெட்போன் காதை முழுசாக மூடுகிற மாதிரி, மெத்தென்று வாங்கியிருக்கிறேன். போனில் சொருக ஒரு சின்ன வயரும் இருக்கிறது. ஹெட்போனில் மைக் இல்லை. நீங்கள் பேசுவதைப் போன் மைக்கே எடுத்துக்கொள்ளும், கிட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமானது மூன்றாவது நாப். அதுதான் ட்ரெபிள், நீங்கள் எழுதிய கீச்சு. அதைக் கூட்டினால் ச, த எல்லாம் எழும்பும். உங்கள் தாளில் போட்டிருக்கிற கோடு எனக்கு முழுசாகப் புரியவில்லை. மெஷினைவிடக் காதை நம்புகிறவன் நான். அதனால் ஹெட்போனை நானே போட்டுக்கொண்டு, ரேடியோ செய்தி வாசிக்கிற அம்மா பேச்சை ஓடவிட்டு, ஒவ்வொரு எழுத்தும் மணிமணியாக விழுகிற இடம் வரைக்கும் திருகினேன். அந்த இடத்தில் அம்பிகாவின் நகப்பூச்சை எடுத்துச் சிவப்பாக ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அதுதான் மனுஷக் காதுக்குச் சரியான இடம். அங்கிருந்து ஆரம்பித்து, உங்களுக்கு வேண்டுமானால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டாம்.

நடுவில் அறிவரசன் வந்து ஹெட்போனை வாங்கிப் போட்டுப் பார்த்தான். "என்னப்பா இது, காதுக்குள்ள கொசு பறக்குது" என்று பிடுங்கி வைத்துவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தொம்தொம் என்று அடித்தால்தான் பாட்டு. முப்பது வருஷமாக ஸ்பீக்கர் பக்கத்திலேயே நிற்கிறவன் நான், எனக்குத் தெரியாத சத்தமா?

சொல்லிக்கொண்ட விஷயத்தை நீங்கள் விடுவதாக இல்லை. நானும் விடுவதாக இல்லை. நீங்கள் சொல்லவில்லை என்று சொல்லவில்லை. என் காதில் விழவில்லை என்றுதான் சொல்கிறேன்.

கொளஞ்சி

*

அரியலூர்,
24 ஜூலை 2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நன்றி. இந்தச் சொல்லை நான் எளிதில் எழுதுபவள் அல்ல என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

நேற்று அம்பிகாவுடன் பேசினேன். "அம்மா" என்றாள். அதன் பிறகு ஒன்றுமில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் சும்மா இருந்திருக்கிறாள். அந்தச் சும்மாவும் எனக்குச் சுத்தமாகக் கேட்டது. எனக்குக் காது மந்தம், அன்றைக்கு நீ கேட்டது எனக்கு விளங்கவில்லை, விளங்காமல் சரி என்றேன் என்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"இப்ப மட்டும் கேக்குதா?"

"கேட்கிறது."

"சும்மா சொல்லாதீங்க. இப்ப மெதுவா ஒண்ணு சொல்றேன், என்னன்னு திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். அது உங்கள் வீட்டுக் குழம்பின் புளிப்பைப் பற்றியது. மேற்கொண்டு எழுத மாட்டேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? நீங்க என்னைய வேண்டாம்னு நெனச்சிட்டீங்கன்னு எத்தன நாள் அழுதேன் தெரியுமா? அத்தைகிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்றாள். பிறகு, "பிரசவத்துக்கு எங்கம்மா இருக்கட்டும்?" என்று அதே கேள்வியை மறுபடி கேட்டாள். "இங்கே வா" என்றேன். அழுதாள். மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது.

ஆக, உங்கள் பெட்டி நல்ல பெட்டி. ஒன்றைத் தவிர.

நீங்கள் சொன்னபடி சிவப்புப் புள்ளியில் வைத்துத்தான் முதலில் போட்டேன். ஊசியை வரிசையாகச் செருகியது போல் இருந்தது. 'ஸ்ஸ்' என்ற சீறலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துச் சின்னம்மாளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அடுத்த நொடியே ஹெட்போனைக் கட்டிலில் வீசிவிட்டு, "யம்மா, இத எவன் செஞ்சான், காதுல பாம்பு வுடுறான்" என்றாள். அவளுக்குக் கொல்லைப்புறத்தில் குழாய் சொட்டுவது சமையலறையில் இருந்தே கேட்கும். பிறகு நான் சிறிது சிறிதாகக் குறைத்தேன். உங்கள் புள்ளியில் இருந்து பாதிக்கும் கீழே வந்த பிறகுதான் பேச்சு பேச்சாக இருந்தது. அங்கே வைத்துத்தான் அம்பிகாவுடன் பேசினேன்.

அந்தப் புள்ளியை நீங்கள் ஒருவர் மட்டும் கேட்டு வைத்தீர்களா, வேறு யாராவது உடனிருந்து பார்த்தார்களா? எழுதுங்கள்.

இப்படிக்கு,
அனுசுயா

*

பெரம்பலூர்,
2 ஆகஸ்ட் 2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நான் ஒருவன்தான் வைத்தேன். புள்ளி சரிதான். சின்னம்மாள் காதுதான் சரியில்லை. அறிவரசன் காதும் சரியில்லை. இனிமேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

இங்கே வேறு பிரச்சினை. அம்பிகா அன்றைக்கே பூங்காவனத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. சொன்னதும் பூங்காவனம் அழுதாள். உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்று இரண்டு நாள் புலம்பினாள். நீங்கள் வந்தால் அதே மாதிரி இலை போடுகிறேன் என்கிறாள். கோபம் போய்விட்டது. ஆனால் அதற்குப் பதிலாகப் பயம் வந்துவிட்டது. "காது கேக்காதவங்ககிட்ட பச்சைப் புள்ளைய எப்புடிங்க வுடறது? ராத்திரி அது கத்துனா யாரு எந்திரிக்கறது? இவளுக்கு வலி வந்து கூப்புட்டா யாரு வர்றது?" என்று கேட்கிறாள். பிரசவம் இங்கேயே என்று மறுபடி ஆரம்பித்துவிட்டாள். இப்போது அக்கம்பக்கமும் அவள் பக்கம். அம்பிகா என் முகத்தைப் பார்க்கிறது.

நான் என்ன சொல்வது? பூங்காவனம் சொல்கிறதும் நியாயமாகத்தானே இருக்கிறது? நான் சொன்னால் கேட்பாள். ஆனால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கொளஞ்சி

*

அரியலூர்,
11 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அந்தப் புள்ளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர்கள். மன்னிக்க வேண்டும், அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

காது அளவெடுத்த பெண்ணிடம் போன வாரம் போயிருந்தேன். உங்கள் பெட்டியைக் கொண்டுபோய், யார் செய்தது என்று சொல்லாமல், ஒருவருக்கு இந்தத் திருகு இந்த இடத்தில் வைத்தால்தான் பேச்சு தெளிவாக இருக்கிறதாம், அவர் காது எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவள் ஹெட்போனைப் போட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இவருக்கு மேல்பக்கச் சத்தம் ரொம்பவே போயிருக்கணும்மா. உங்களுக்கு இருக்கறதவிட மோசம். மெஷின் இல்லாம எப்படிச் சமாளிக்கிறார்?" என்றாள். மில்லிலும் வெடிமருந்து வேலையிலும் இருப்பவர்களுக்கு அப்படி வரும், வருஷக்கணக்காக ஒலிபெருக்கி பக்கத்தில் நிற்பவர்களுக்கும் வரும் என்றும் சொன்னாள். மெதுவாக வருவதால் அவர்களுக்கே தெரியாதாம். மற்றவர்கள் முணுமுணுப்பதாகத்தான் நினைப்பார்களாம்.

எனக்கு அவள் சொல்லும் முன்பே தெரிந்துவிட்டது. போனில் வேண்டாம், எழுத்தே நல்லது என்று முதல் கடிதத்திலேயே எழுதினீர்கள். கடையில் சத்தம் என்றீர்கள். நான் பதினோரு மாதம் அரியலூர்ச் சந்தைச் சத்தத்தைக் காரணம் காட்டி வந்தவள். அந்தச் சாக்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

இனி அன்றைய குடிபுகலைப் பாருங்கள். நீங்கள் என்னை மைக்கில் அழைத்தீர்கள், எனக்குக் கேட்கவில்லை. நான் உங்களுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டேன், உங்களுக்குக் கேட்கவில்லை. ஒரே ஸ்பீக்கருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நீங்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்தீர்கள். நான் உங்களை மரியாதை தெரியாதவர் என்று நினைத்தேன். இரண்டு பேரும் உண்மையையே சொல்லி, இரண்டு மாதம் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று நினைத்திருக்கிறோம். நான் இரண்டு முறை சொன்னேன் என்பது சரி. உங்கள் காதில் விழவில்லை என்பதும் சரி. இதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது பூங்காவனம் அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம்தான். எனக்கும் அது உண்டு. அதற்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள். குழந்தையின் அழுகை கீச்சு அல்ல. எனக்கு அது மெஷின் இல்லாமலே பக்கத்து அறையில் இருந்து கேட்கிறது. எதிர்வீட்டு அனிதாவையும் அவள் குழந்தையையும் இரண்டு நாள் என் வீட்டில் தூங்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு நாளும் அவளைவிட நான்தான் முதலில் எழுந்தேன். சின்னம்மாள் மூன்று மாதம் இங்கேயே தங்கச் சம்மதித்துவிட்டாள். அம்பிகா பொத்தானை அமுக்கினால் என் கட்டிலில் விளக்கு எரிகிற மாதிரி ஒரு மணி இருக்கிறதாம், அதற்கும் சொல்லியிருக்கிறேன். பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரி வீட்டில் இருந்து நடந்து போகிற தூரம். இவ்வளவுக்குப் பிறகும் பூங்காவனம் அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை என்றால், அவரும் பிரசவத்துக்கு இங்கே வந்து என்னோடு இருக்கட்டும். என் சமையலில் புளி குறைவாக இருக்கும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழியும் எனக்கு இருந்தது. 'காது கேட்காதவரிடம் பிள்ளையை விட முடியாது என்றால், உங்கள் வீட்டிலும் விட முடியாது. உங்கள் கணவருக்கு என்னைவிடக் கேட்காது' என்று பூங்காவனம் அம்மாவுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டேன். எனக்கு இரகசியம் இருந்தபோது நீங்கள் உங்கள் மனைவியிடம் பொய் சொல்லிக் காப்பாற்றினீர்கள். உங்களுடையதை நான் கோர்ட்டுக் காகிதம் போல் வீச மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றீர்களே, இதைச் சொல்லுங்கள். காது கேட்காத ஒருவரோடு தான் வீடு நடத்தி வருவது தெரிந்தால், இன்னொருவரிடம் பிள்ளையை விட அவருக்குப் பயம் குறையும்.

சுலபம் என்று நான் சொல்லவில்லை. நாப்பைத் திருகிப் புள்ளி வைக்கும்போது உங்களுக்கும் ஏதோ தெரிந்திருக்கும். அறிவரசன் கொசு என்றபோது தெரிந்திருக்கும். தெரியாதது போல் இருப்பது எவ்வளவு வசதி என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

இந்தக் கடிதத்தோடு அந்தப் பெட்டியையும் அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் அல்ல. அது எனக்காகச் செய்ததாக நீங்கள் நினைத்தீர்கள். உங்கள் காதை வைத்து அளந்து, உங்களுக்குச் சரியாக இருக்கும்படி செய்த பெட்டி அது. சிவப்புப் புள்ளியைத் துடைக்கவில்லை. நானாக மதித்த விலையைத் தனியே அனுப்பிவிட்டதால் அது என் பொருள். என் பொருளை உங்களுக்குக் கொடுக்கிறேன். பெண் வீட்டுச் சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார் கொடுப்பதை மாப்பிள்ளை வீட்டார் மறுப்பது முறையல்ல. போட்டுக்கொண்டு முதலில் பூங்காவனம் அம்மா பேசுவதைக் கேளுங்கள். அவர் இத்தனை நாள் முணுமுணுத்தாரா என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு இன்னொன்று செய்யுங்கள். எல்லாம் அப்படியே இருக்கட்டும். ட்ரெபிளை மட்டும் நீங்கள் கேட்டு வைக்க வேண்டாம். புள்ளி வைக்காமல் அனுப்புங்கள், நானே வைத்துக்கொள்கிறேன். அது வரும்வரை அம்பிகாவோடு பேச முடியாது. அதனால் தாமதிக்காதீர்கள்.

இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திருச்சியில் அந்தப் பெண்ணிடம் இரண்டு பேருக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். ஒன்று எனக்கு, வழக்கமான பரிசோதனை. இன்னொன்றுக்குப் பெயர் கொடுக்கவில்லை. நீங்கள் வந்தால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஹெட்போனைப் போட்டுவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வார்கள். கேட்காததைக் கேட்டதுபோல் தூக்கக் கூடாது. நான் முதல் தடவை அப்படித் தூக்கினேன், அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

இரண்டு கேள்விகளுக்கு எனக்குப் பதில் வேண்டும். இருபத்தைந்தாம் தேதி வருகிறீர்களா? வளைகாப்பு முடிந்ததும் அம்பிகாவை என்னோடு அனுப்பும்படி பூங்காவனம் அம்மாவிடம் சொல்கிறீர்களா?

போன் செய்ய வேண்டாம். நம் இரண்டு பேரில் ஒருவர் நிச்சயம் "சரி" என்று சொல்லிவிடுவோம், எதற்கென்று தெரியாமலே. கடிதமாகவே எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அனுசுயா